ஆறு பாக்கெட்டும் அரைக் கிலோவும்

(மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல் துறை)



ஆண்டு மலருக்கு ஒரு கட்டுரை கொடு என்று நம் பேரவைச் செயலாளர் கேட்டார். "தன்னம்பிக்கை எழுதட்டுமா?" என்றேன். அதற்கு ஏற்கெனவே நாலு பேர் இருக்கிறார்களாம். "நேரத்தின் அருமை"க்கு மூன்று பேர். "உனக்குத் தெரிந்த ஏதாவது ஒன்றை எழுதுடா, ஆனால் படிக்கிறவனுக்கு உபயோகமாக இருக்கணும்" என்றார். எனக்கு நன்றாகத் தெரிந்தது, நீங்களும் மூன்று வருஷமாகக் கிண்டல் செய்து வருகிற என் கார்கோ பேண்ட்தான். ஆகவே அதைப் பற்றியே எழுதுகிறேன். தினமும் அதில் எதை வைக்கலாம், எதை வைக்கக் கூடாது, வெளியே தண்ணீர், கரை என்று போகும்போது எது தேவை என்பதை என் அனுபவத்திலிருந்து சொல்கிறேன். இதில் ஒரு பாடம் என் வலது தொடையில் தழும்பாக இருக்கிறது. அதையும் மறைக்கப் போவதில்லை.

எங்கள் ஊர் காட்டுப்பள்ளி. ஒரு பக்கம் வங்காள விரிகுடா, மறுபக்கம் பக்கிங்காம் கால்வாயும் கொசஸ்தலை ஆற்றுக் கழிமுகமும். 2013-ல் இங்கே துறைமுகம் வந்தது. அதனால் எங்கள் ஊரில் கார்கோ என்றால் கப்பல் சரக்கு. சின்னப் பையனுக்குக் கூட டிரெய்லரையும் கண்டெய்னரையும் பார்த்துப் பழக்கம். முதலாம் ஆண்டில் சேர்ந்தபோது, வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் பேரம் பேசி ஒரு பச்சை நிற பேண்ட் வாங்கி வந்து, "இது கார்கோ பேண்ட்" என்று வீட்டில் சொன்னேன். அப்பா நிமிர்ந்து பார்த்துவிட்டு, "எந்தக் கப்பலுக்குடா?" என்றார். ஆயாதான் தொட்டுப் பார்த்து, "பரவால்ல, பை பெருசா இருக்கு" என்றது. வீட்டில் பாக்கெட் விஷயம் தெரிந்த ஒரே ஆள் ஆயாதான். அது எப்படி என்று பிறகு சொல்கிறேன்.

முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு, தொடையில் மூடி வைத்தது இரண்டு. ஆக மொத்தம் ஆறு. ஆறு பாக்கெட் இருந்தால் ஆறையும் நிரப்பத்தான் தோன்றும். நானும் நிரப்பினேன். போன், பவர் பேங்க், அரை லிட்டர் தண்ணீர் பாட்டில், சாவிக் கொத்து, ஸ்க்ரூ டிரைவர் செட், ஆறு அங்குல ஸ்டீல் ஸ்கேல், மூன்று மீட்டர் டேப், பர்ஸ், நோட்டும் பேனாவும், டார்ச். ஒரு நாள் அம்மா மீன் நிறுக்கும் தராசில் எல்லாவற்றையும் கொட்டிப் பார்த்தோம். 1 கிலோ 540 கிராம் காட்டியது. "இந்த எடைக்கு வஞ்சிரம் இருந்தா வீட்டு வாடகையே கட்டிடலாம்" என்றது அம்மா. அதில் நான் அன்று முழுக்க உண்மையில் உபயோகித்தது என்ன என்று கணக்குப் பார்த்தேன். போன், பேனா, ஸ்கேல், ஒரு சாவி. அவ்வளவுதான். மீதி ஒரு கிலோவுக்கு மேல் சும்மா கூட வந்து, சும்மா திரும்பியிருக்கிறது.

எடை எவ்வளவு என்பது மட்டும் அல்ல, எங்கே தொங்குகிறது என்பதும் முக்கியம். மெக்கானிக்ஸ் வகுப்பில் ஜடத்துவத் திருப்புத்திறன் படித்தோமே, நிறையைத் தூரத்தின் வர்க்கத்தால் பெருக்கு என்று. நடக்கும்போது கால் இடுப்பு மூட்டில் ஊசல் மாதிரி ஆடுகிறது. மூட்டிலிருந்து 10 செ.மீ. கீழே பின் பாக்கெட், 30 செ.மீ. கீழே தொடைப் பாக்கெட் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரே பவர் பேங்க் அங்கே இருப்பதைவிட இங்கே இருந்தால் ஒன்பது மடங்கு. ஒவ்வொரு அடியிலும் அதைத் தூக்கி வீசி, பிறகு பிடித்து நிறுத்த வேண்டியது உங்கள் கால்தான். மீஞ்சூர் ரயில் நிலையத்தில் கிளம்புகிற வண்டியைப் பார்த்து ஓடியவர்களுக்கு இது புரியும். தண்ணீர் பாட்டில் முட்டியில் தட்டித் தட்டியே பாதி உயிர் போய்விடும். கனமானதெல்லாம் பையில் போகட்டும். தொடைப் பாக்கெட்டுக்கு லேசான, தட்டையான சாமான்தான் லாயக்கு.

இந்த பேண்ட் யாருக்காகத் தைக்கப்பட்டது?

இதைக் கொஞ்சம் தேடிப் படித்தேன். ஃபேஷனுக்காகப் பிறந்தது இல்லை. 1930-களின் கடைசியில் பிரிட்டிஷ் ராணுவம் தன் சிப்பாய்களுக்குப் புதிய கம்பளி உடுப்பு கொடுத்தது. அந்தக் கால்சட்டையில் சாதாரணப் பாக்கெட்டுகள் போக இரண்டு புதிய பாக்கெட்டுகள் இருந்தன. இடது தொடையில் பெரியதாக ஒன்று, வரைபடம் வைக்க. வலது இடுப்பின் முன்பக்கம் சின்னதாக ஒன்று, காயத்துக்குக் கட்டும் துணிக் கட்டு வைக்க. 1942-ல் அமெரிக்காவின் பாராசூட் படைக்கு யார்பரோ என்ற அதிகாரி வடிவமைத்த உடுப்பில் இரண்டு தொடையிலும் பெரிய பாக்கெட் வந்தது. விமானத்திலிருந்து குதிக்கிறவன் எங்கே விழுவான் என்று அவனுக்கே தெரியாது. சாப்பாடும் குண்டும் பின்னால் வண்டியில் வரும் என்று காத்திருக்க முடியாது. உடம்போடு இருப்பதுதான் அவன் சொத்து. சண்டை முடிந்த பிறகு மிஞ்சிய ராணுவத் துணி சந்தைக்கு வந்து, நாளடைவில் நாகரிகமாகி, 1990-களில் உலகம் முழுக்கப் பரவி, கடைசியில் எம்.சி. ரோட்டுக்கும் வந்து சேர்ந்தது.

இதில் என்னை யோசிக்க வைத்தது ஒன்றுதான். புதிதாகத் தைத்த இரண்டு பாக்கெட்டில் ஒன்று காயத்துக்காக. நாம் அந்த இடத்தில் இயர்போன் வைத்திருக்கிறோம்!

வெள்ளைக்காரன் தைத்துக் கொடுத்துத்தான் நமக்குப் பாக்கெட் தெரியும் என்று நினைக்க வேண்டாம். வேட்டி மடி இருந்தது, முந்தானை முடிச்சு இருந்தது. தச்சு ஆசாரிக்குப் பென்சில் வைக்கக் காது இருந்தது. எங்கள் பக்கத்தில் லுங்கியை மடித்துக் கட்டினால் கீழே தெரியும் பட்டாபட்டி டிரவுசரின் பாக்கெட்டில் பீடி, தீப்பெட்டி, காசு எல்லாம் அடங்கும். என்னைக் கேட்டால் அதுதான் முதல் கார்கோ பேண்ட். எண்ணூர்க் கழிமுகத்தில் கையாலேயே இறால் தடவிப் பிடிக்கும் இருளர் மக்களைப் பார்த்திருப்பீர்கள். இரண்டு கையும் தண்ணீருக்குள் சேற்றில் இருக்கும். பிடித்த இறாலைப் போட வேண்டாமா? பனையோலையில் முடைந்த பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு நகர்வார்கள். கை இரண்டுக்கும் வேலை இருக்கும்போது சாமானை எங்கே வைப்பது என்ற கேள்விக்கு இதைவிடத் தெளிவான பதிலை நான் பார்த்ததில்லை.

ஆயாவின் சுருக்குப்பை

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழை. நான் முதலாம் ஆண்டு. மூன்றாம் தேதி ராத்திரி தொடங்கிய மழை நாலாம் தேதி முழுக்க விடவில்லை. கரண்ட் இல்லை, போனில் டவர் இல்லை. வீட்டுக்குள் முழங்கால் அளவு தண்ணீர் ஏறியதும் கிளம்பு கிளம்பு என்று கிளம்பினோம். நான் பவர் பேங்கை எடுத்தேன். தம்பி கிரிக்கெட் மட்டையை எடுத்தான். அப்பா என்ஜினுக்கு ஓடினார். பள்ளிக்கூடத்துக்குப் போய் உட்கார்ந்த பிறகுதான், "ரேஷன் கார்டு எங்கே?" என்று அம்மா தலையில் கை வைத்தது.

ஆயா இடுப்பிலிருந்து சுருக்குப்பையை அவிழ்த்தது. ரேஷன் கார்டு இருந்தது. இருநூறு ரூபாய் இருந்தது. ஒரு ஊசி, சுற்றிய நூல், சுண்ணாம்பு டப்பி, வெற்றிலை, ரப்பர் பேண்ட் போட்ட காகிதத்தில் சொந்தக்காரர்கள் நம்பர். பிறகு ரவிக்கைக்குள்ளிருந்து, பால் கவரில் சுற்றி மடித்த ஒன்றை எடுத்து என்னிடம் கொடுத்தது. என் பத்தாம் வகுப்பு மார்க் ஷீட். எங்கள் வீட்டில் அதுவரை யாரும் வாங்காத காகிதம் அது. ஆயாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. எந்தக் காகிதம் திரும்பக் கிடைக்காது என்பது மட்டும் தெரிந்திருந்தது.

எனக்கு அன்று வெட்கமாகப் போய்விட்டது. நான் எடுத்து வந்த பவர் பேங்கில் சார்ஜ் கூட இல்லை.

அதற்குப் பிறகு பாக்கெட்டுக்கு ஒரே ஒரு கேள்விதான் வைத்திருக்கிறேன். இது இல்லாமல் போனால், அந்த நிமிஷத்தில் பக்கத்தில் இருப்பவர் யாராவது கொடுப்பாரா? கொடுக்க ஆள் இருந்தால் விட்டுவிடலாம். ஸ்க்ரூ டிரைவர் ஒர்க்ஷாப்பில் இருக்கிறது. டேப் யாரிடமாவது இருக்கும். ஆனால் ரத்தம் வரும்போது சுத்தமான துணியைத் தேடி ஓட முடியாது. போன் அணைந்த பிறகு நம்பரை யாரும் சொல்ல முடியாது.

சரக்கு அடுக்கும் முறை

துறைமுகத்தில் வேலை பார்க்கும் எங்கள் தெரு அண்ணன் ஒருவர் சொன்ன விஷயம் இது. ஒவ்வொரு கண்டெய்னருக்கும் நாலு எழுத்தும் ஏழு இலக்கமும் கொண்ட எண் இருக்கிறது. கப்பலில் அது உட்காரும் இடத்துக்கும் எண் உண்டு. நீளவாக்கில் எத்தனையாவது, குறுக்கே எத்தனையாவது, எந்த அடுக்கு என்று ஆறு இலக்கத்தில் சொல்லிவிடுவார்கள். கனமான பெட்டி அடியில் போகும். முதல் துறைமுகத்தில் இறங்க வேண்டியது, மற்றதற்கு அடியில் மாட்டிக்கொள்ளாமல் மேலே இருக்கும். இதைக் கேட்டதும் என் பேண்டையும் ஒரு கப்பலாக நினைத்துக்கொண்டேன். சிரிக்காதீர்கள், பலன் இருக்கிறது. இருட்டில், ரயில் நெரிசலில், கையில் கிரீஸோடு, பார்க்காமலே எடுக்க முடிகிறது.

இப்போது என் பாக்கெட்டில் இருப்பது இவ்வளவுதான். முன் இடது பாக்கெட்டில் போன். முன் வலதில் ஒரே ஒரு வீட்டுச் சாவியும் பெரிய கைக்குட்டையும். பர்ஸை விட்டுவிட்டேன். பின் பாக்கெட்டில் தடியான பர்ஸை வைத்து நாள் முழுக்க அதன் மேல் உட்கார்ந்தால் இடுப்பு நரம்பில் வலி வரும் என்பார்கள். இப்போது ஒரு சின்ன பிளாஸ்டிக் உறையில் அடையாள அட்டை, பஸ் பாஸ், கொஞ்சம் ரூபாய். அது பட்டன் போட்ட பின் பாக்கெட்டில். இடது தொடையில் சின்ன நோட்டு, பேனா, ஸ்டீல் ஸ்கேல். வலது தொடை காயத்துக்கும் அவசரத்துக்கும். பிரிக்காத காஸ் துணி ஒன்று, ஒட்டும் பிளாஸ்டர் நாலு, ஓ.ஆர்.எஸ். பொடி ஒரு பாக்கெட், விரல் அளவு டார்ச், விசில். மறுபடியும் அம்மா தராசில் போட்டோம். சரியாக 500 கிராம்.

அடையாள அட்டைக்குத் தனி இடம் வேண்டும் என்பதற்கு ஒரு கதை உண்டு. ஒரு தொழிற்சாலையில் பயிற்சிக்குப் போயிருந்தபோது கேட் பாஸைக் கைக்குட்டையோடு சேர்த்து வைத்திருந்தேன். வியர்வை துடைக்கக் கைக்குட்டையை இழுத்தபோது பாஸ் எங்கோ விழுந்துவிட்டது. மதியம் வரை வாசலில் வெயிலில் நின்றேன். வருகைப் பதிவில் அரை நாள் போனது. அவ்வளவுதான் கதை, ஆனால் அந்த வெயில் இன்னும் நினைவிருக்கிறது.

வெயில் என்றதும் ஓ.ஆர்.எஸ். பற்றிச் சொல்ல வேண்டும். பேதிக்கு மட்டும்தான் அது என்று நினைக்கிறோம். வியர்த்து வியர்த்து உப்பும் தண்ணீரும் போனவனுக்கும் அது உதவும். உலக சுகாதார நிறுவனத்தின் இப்போதைய அளவு, ஒரு லிட்டர் தண்ணீருக்குக் குளுக்கோஸ் 13.5 கிராம், சாப்பாட்டு உப்பு 2.6, சிட்ரேட் உப்பு 2.9, பொட்டாசியம் குளோரைடு 1.5. கூட்டினால் 20.5 கிராம். நம் பசங்க செய்யும் தப்பு என்னவென்றால், லிட்டர் பாக்கெட்டை ஒரு டம்ளரில் கரைத்துக் குடிப்பது. அப்படிச் செய்தால் உப்பு அளவுக்கு மீறி ஏறிவிடும். 200 மில்லிக்கு உரிய சின்னப் பாக்கெட்டும் விற்கிறது. எதுவானாலும் உறையில் அச்சிட்ட அளவைப் படித்துவிட்டுக் கரையுங்கள். ஆள் தலைசுற்றி உளறினாலோ நினைவு தப்பினாலோ வாயில் எதையும் ஊற்றக் கூடாது. நிழலில் படுக்க வைத்து, உடம்பை ஈரத் துணியால் குளிர வைத்து, 108-ஐக் கூப்பிட வேண்டும்.

ஒர்க்ஷாப்பில் நடந்தது

இப்போது அந்தத் தழும்புக்கு வருகிறேன். இரண்டாம் ஆண்டு, லேத்தில் புரி வெட்டும் பயிற்சி. அன்று காக்கி உடுப்பு காயவில்லை என்று கார்கோ பேண்டோடு வந்துவிட்டேன். மேலே கோட் போட்டிருந்ததால் யாரும் கவனிக்கவில்லை. வலது தொடைப் பாக்கெட்டில் வேஸ்ட் துணி. அதன் ஒரு முனை மூடிக்கு வெளியே தொங்கிக்கொண்டிருந்தது.

லேத்தின் முன்பக்கம் நீளத்துக்கும் போகிற லீட் ஸ்க்ரூ நம் உயரத்துக்குச் சரியாகத் தொடைப் பக்கம்தான் வருகிறது. அடுத்த முறை நின்று பாருங்கள். ஸ்பிண்டில் நிமிடத்துக்கு 60 சுற்று. லீட் ஸ்க்ரூவின் புரி இடைவெளி 6 மி.மீ., நான் வெட்டியது 2 மி.மீ. அப்படியானால் லீட் ஸ்க்ரூ நிமிடத்துக்கு 20 சுற்று, அதாவது ஒரு சுற்றுக்கு மூன்று விநாடி. பார்த்தால் தூங்கிக்கொண்டே சுற்றுவது மாதிரி இருக்கும். நானும் அதை ஓடுகிற சாமானாகவே நினைக்கவில்லை. கண் முழுக்க டூல் முனையில்.

துணியின் முனை அதில் ஒட்டியது. முப்பது மி.மீ. தண்டு ஒரு சுற்றுச் சுற்றினால் ஒன்பது செ.மீ. துணி உள்ளே போய்விடும். முதல் சுற்றில் துணி, இரண்டாவதில் பாக்கெட் மூடி, மூன்றாவதில் என் கால் பெட் மேல் இழுத்து அழுத்தப்பட்டது. மெதுவாகச் சுற்றுகிறது, கையால் பிடித்து நிறுத்திவிடலாம் என்று துணியைப் பிடித்து இழுத்தேன். நிற்குமா? கியரில் வேகம் குறைந்தால் திருப்பும் விசை கூடும் என்று பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியவன்தான் நான். எதிர் லேத்தில் இருந்த நண்பன் என் முகத்தைப் பார்த்துவிட்டு ஓடி வந்து சிவப்புப் பட்டனை அடித்தான். மொத்தம் பத்து விநாடி கூட இருக்காது.

சார் வந்தார். திட்டவில்லை. மெஷினின் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, சக்கைக் கையாலேயே எதிர்ப்பக்கம் திருப்பித் துணியை விடுவித்தார். பேண்ட் நாலு அங்குலம் கிழிந்து, தொடையில் தோல் உரிந்து நீலம் பூத்திருந்தது. எலும்புக்கு ஒன்றும் இல்லை. மருந்து போட்டு முடித்த பிறகு கேட்டார். "உங்க வீட்ல படிக்க வந்த முதல் ஆள் நீதானே?" "ஆமாம் சார்." "அப்ப ரெண்டு காலோட வெளிய போ." அதோடு சரி. அதற்கு மேல் அந்தப் பேச்சே எடுக்கவில்லை. திட்டியிருந்தால் மறந்திருப்பேன்.

1948-ல் வந்த தொழிற்சாலைச் சட்டத்தின் 22-ஆம் பிரிவில், ஓடும் இயந்திரத்தைப் பரிசோதிக்கவோ எண்ணெய் விடவோ போகிற ஆள் உடம்போடு ஒட்டிய உடை அணிந்திருக்க வேண்டும், அந்த உடையை முதலாளிதான் கொடுக்க வேண்டும் என்று எழுதி வைத்தார்கள். பரீட்சைக்குப் படித்தபோது அது ஒரு வரி. அன்று ராத்திரி படுத்துக்கொண்டு யோசித்தபோதுதான், யாரோ எத்தனையோ பேருடைய கையும் காலும் போன பிறகு அந்த வரி எழுதப்பட்டிருக்கும் என்று தோன்றியது.

ஆகவே கார்கோ பேண்டை மெஷின் ஷாப்புக்குப் போட்டு வராதீர்கள். இது என் கட்டுரையில் எல்லாவற்றையும்விட முக்கியமான வரி. வேறு வழியே இல்லை என்றால் தொடைப் பாக்கெட் இரண்டும் காலி, மூடி ஒட்டியிருக்க வேண்டும், ஒரு நூல் கூட வெளியே தொங்கக் கூடாது.

ஏணியிலும் இதே மாதிரிதான். பத்து மீட்டர் உயரத்திலிருந்து ஒரு ஸ்பானர் நழுவினால் கீழே வரும்போது விநாடிக்கு 14 மீட்டர், அதாவது மணிக்கு 50 கி.மீ. வேகம். கீழே நிற்பவன் தலைக்கு அது சின்ன ஸ்பானர் என்று தெரியாது. ஏறுவதற்கு முன் மூடாத பாக்கெட்டைக் காலி செய்யுங்கள். முன் பாக்கெட்டில் ஸ்க்ரூ டிரைவரை முனை மேலாக வைத்துக் குனிகிறவர்களைப் பார்த்தால் எனக்கே வயிறு கலங்குகிறது. எரிவாயு, பெட்ரோல் சாமான் இருக்கும் இடத்துக்குப் பயிற்சிக்குப் போனால் தீப்பெட்டி, லைட்டர், போன் மூன்றையும் கேட்டிலேயே கேட்டு வாங்கிக்கொள்வார்கள். அலுத்துக்கொள்ளாமல் கொடுங்கள்.

கழிமுகத்தில், கடலில்

ஞாயிற்றுக்கிழமை அப்பாவோடு கழிமுகத்துக்குப் போவது உண்டு. சில சமயம் வடக்கே பழவேற்காடு பக்கமும். வெளியே போகும்போதுதான் அந்த வலது தொடைப் பாக்கெட் தன் சம்பளத்தை வாங்குகிறது.

போன வருஷம் தண்ணீரில் இறங்கி நின்றிருந்த அப்பாவின் பாதத்தைச் சிப்பி ஓடு கிழித்துவிட்டது. எங்கள் பக்கம் வழக்கம், காபித்தூளை வைத்து அழுத்துவது. ரத்தம் நிற்கிற மாதிரி இருக்கும். உள்ளே அழுக்கு தங்கிப் பிறகு சீழ் பிடிக்கும். நான் காஸ் துணியைப் பிரித்து வைத்து, காலைத் தூக்கி என் மடியில் போட்டு, பத்து நிமிஷம் கை எடுக்காமல் அழுத்தினேன். நின்றுவிட்டதா என்று நடுவில் எடுத்து எடுத்துப் பார்க்கக் கூடாது. பார்த்தால் உறைய ஆரம்பித்த ரத்தம் பிய்ந்து மறுபடி ஊறும். "போதும் விடுடா, வலை போகுது" என்று அப்பா சத்தம் போட்டுக்கொண்டே இருந்தார். விடவில்லை. குடிக்க வைத்திருந்த நல்ல தண்ணீரில் கழுவிக் கட்டி, அன்றே தர்ம ஆஸ்பத்திரியில் டி.டி. ஊசி போட்டோம். கழிமுகத்துத் தண்ணீர் எப்படிப்பட்டது என்று உங்களுக்குத் தெரியும். 2023 டிசம்பர் வெள்ளத்தோடு எண்ணெய் வந்து படிந்ததைப் பேப்பரில் படித்திருப்பீர்கள். அந்தத் தண்ணீரில் பட்ட காயத்தை லேசாக விடக் கூடாது.

அதே மாதம் 26-ஆம் தேதி நள்ளிரவு, எண்ணூர் பெரியகுப்பம் பக்கம் கடலுக்கு அடியில் போகும் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தது. கண் எரிந்து மூச்சு முட்டி மக்கள் தூக்கத்திலிருந்து தெருவுக்கு ஓடி வந்தார்கள். அம்மோனியா தண்ணீரில் வெகு சீக்கிரம் கரையும். ஆகவே நனைத்த துணியை மூக்கிலும் வாயிலும் கட்டினால், ஓடித் தப்பிக்கிற நேரத்துக்கு அது கொஞ்சம் தடுக்கும். காற்று அடிக்கும் திசையிலேயே ஓடினால் வாயுவும் கூடவே வரும். காற்றுக்குக் குறுக்கே நகர்ந்து வெளியேற வேண்டும். நான் சின்னக் கர்ச்சீப்பை விட்டுவிட்டுப் பெரிய பருத்திக் கைக்குட்டைக்கு மாறியது இதனால்தான். நம்மில் பாதிப் பேர் கத்திவாக்கம், எண்ணூர், மணலி, அத்திப்பட்டிலிருந்து வருகிறோம். இது நமக்குப் பாடப் புத்தகத்து விஷயம் இல்லை.

விசிலைப் பார்த்து நண்பர்கள் "கண்டக்டர்" என்று கூப்பிடுகிறார்கள். கூப்பிடட்டும். கப்பல்களின் லைஃப் ஜாக்கெட் ஒவ்வொன்றிலும் விசில் கயிற்றால் கட்டியிருக்க வேண்டும் என்பது சர்வதேச விதி. கத்தினால் கொஞ்ச நேரத்தில் தொண்டை கட்டிவிடும், அலைச் சத்தத்தில் குரல் கரையாது என்றும் சொல்ல முடியாது. விசில் மூச்சு இருக்கும் வரை கேட்கும்.

நோட்டின் கடைசிப் பக்கத்தில், மை கரையாமல் இருக்கப் பென்சிலால் நாலு நம்பர் எழுதி வைத்திருக்கிறேன். ஆம்புலன்ஸ் 108. எல்லா அவசரத்துக்கும் 112. கடலில் ஆபத்து என்றால் கடலோரக் காவல் படை 1554. கடலோரப் பாதுகாப்புப் போலீஸ் 1093. அவற்றுக்குக் கீழே அப்பா, அம்மா, பக்கத்து வீடு. போனில்தான் இருக்கிறதே என்று சொல்வீர்கள். புயல் அன்று என் போனிலும் இருந்தது. நம்பர் தெரிந்தால்தானே அடுத்தவர் போனிலிருந்து கூப்பிட முடியும்?

இந்தப் பாக்கெட் சாமானுக்கு ஆன செலவு மொத்தமே நூறு ரூபாய்ச் சொச்சம்தான், போனை விட்டுவிட்டால். கிழிந்த பாக்கெட்டை அப்பா வலை தைக்கும் ஊசியில் தங்கூசி நரம்பு கோத்துத் தைத்துக் கொடுத்தார். எப்படிக் கிழிந்தது என்று கேட்டார். ரயில் கதவில் மாட்டியது என்று சொல்லி வைத்தேன். இந்த மலர் வீட்டுக்கு வந்ததும் தம்பி சத்தமாகப் படித்துக் காட்டுவான், அப்போது உண்மை தெரிந்துவிடும். திட்டு விழும். பரவாயில்லை.

நேற்று விடியற்காலை மூன்று மணிக்கு அப்பா கடலுக்குக் கிளம்பினார். "விசில் எடுத்தியாப்பா?" என்று பாயில் படுத்தபடியே கேட்டேன். பதில் சொல்லவில்லை. பட்டாபட்டிப் பாக்கெட்டைத் தட்டிக் காட்டிவிட்டுப் போனார்.